அபெர்சோக்கின் வீட்டுச் சந்தை

வேல்ஸின் வடமேற்கில் ஐரிஷ் கடலை நோக்கி நீளும் லீன் தீபகற்பத்தின் தென்கரையில், சோக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சிற்றூர் அபெர்சோக். குவினெத் மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டிலும் கடையிலும் வெல்ஷ் மொழி புழங்கும் வட்டாரம் இது. ஆனால் ஊரின் வீட்டு விலைக்கும் உள்ளூர்ச் சம்பளத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

மீன்பிடித்தும் பயிர்செய்தும் பிழைத்த ஊர். 1867இல் அருகிலுள்ள புல்ஹெலி வரை ரயில் வந்தபின் கோடைப் பயணிகள் வரத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காரும் நல்ல சாலையும் வந்தன. மான்செஸ்டர், செஷயர் பக்கத்து வசதியானவர்கள் பாய்மரப் படகு விட வந்து, பிறகு வீடும் வாங்கினார்கள். நகரத்துச் சம்பாத்தியத்தோடு வருபவருக்கு மலிவாகப் பட்ட விலை, விடுதியிலும் பண்ணையிலும் வேலை பார்ப்பவருக்கு எட்டாத விலை. மின்சாரமோ தண்ணீர்க் குழாயோ இல்லாத கடற்கரை மரக்குடில்கூட இங்கே ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது.

1980ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி வீடுகளை அங்கே குடியிருந்தவர்களே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள வழிசெய்தது. வாங்கியவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. அடுத்த தலைமுறைக்கோ வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் குறைந்தன. வேல்ஸ் இந்த உரிமையை முற்றாக நிறுத்தியது 2019 ஜனவரியில்தான். கிராமங்களைப் பொறுத்தவரை அது மிகவும் தாமதமான முடிவு.

வெளியூர்க்காரர்கள் வீடு வாங்குவது மீதான கோபம் வன்முறையாகவும் வெடித்தது. 1979 டிசம்பர் முதல் 1990களின் தொடக்கம் வரை, 'மெய்பியன் க்ளிந்தூர்' என்ற ரகசியக் குழுவின் பெயரால் வேல்ஸ் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட விடுமுறை வீடுகளுக்கும் சொத்துகளுக்கும் தீ வைக்கப்பட்டது. அந்தத் தீயால் உள்ளூர்க் குடும்பம் எதற்கும் வீடு கிடைத்துவிடவில்லை. வெல்ஷ் மொழிச் சங்கமோ 'வேல்ஸ் விற்பனைக்கு அல்ல' என்ற முழக்கத்தோடு, வீட்டுச் சந்தையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேட்டுப் போராடியது.

வீட்டு விலையின் விளைவு கண்கூடாகத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் பத்துப் பேர் அளவுக்குக் குறைந்துவிட, ஊர்மக்கள் எதிர்த்தும் அபெர்சோக் தொடக்கப் பள்ளி 2021 டிசம்பரில் மூடப்பட்டது. இளம் தம்பதிகள் குடியிருக்க முடியாத ஊரில் பள்ளிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?

இரண்டாம் வீடுகளுக்குக் கூடுதல் நகராட்சி வரி விதிக்க 2017 முதல் அனுமதி உண்டு. 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 300 விழுக்காடானது. குவினெத் 150 விதித்தது. இதில் ஓர் ஓட்டை இருந்தது. ஆண்டில் 70 நாள் வாடகைக்கு விட்டாலே வீடு தொழில் சொத்தாகிவிடும். நகராட்சி வரி கிடையாது, சிறுதொழில் சலுகையால் தொழில் வரியும் பெரும்பாலும் தள்ளுபடி. அந்த 70 நாளை அதே மாதம் 182 ஆக உயர்த்தினார்கள். நியாயமான திருத்தம் என்றாலும், விடுமுறை வாடகை வீடுகளை நம்பி வாழும் உள்ளூர்க் குடும்பங்களையும் அது நெருக்கியது.

2024 செப்டம்பர் 1 முதல், குடியிருப்பு வீட்டை இரண்டாம் வீடாகவோ குறுகிய கால வாடகை வீடாகவோ மாற்றத் திட்ட அனுமதி வேண்டும் என்றது குவினெத். எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். கூடுதல் வரிப் பணத்தில் நகராட்சி இப்போது சந்தையிலிருந்தே வீடுகளை வாங்கி, உள்ளூர்வாசிகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விட்டுவருகிறது. ஏற்கெனவே இரண்டாம் வீடாகக் கைமாறிப்போனவற்றை அந்தத் திட்ட அனுமதி விதி தொடவில்லை.