அரபு இலக்கணத்தில் உடைமை: வேற்றுமை வழியே ஒரு நோக்கு

உடைமைப் பொருளை அரபு மொழி முதன்மையாக 'இளாஃபத்' என்னும் பெயர்த்தொடரால் உணர்த்துகிறது. இதில் உடைமையாகிய பெயர் முன்னும் (முளாஃப்) உடையவரைக் குறிக்கும் பெயர் பின்னும் (முளாஃப் இலைஹி) நிற்பதால், தமிழின் சொல்லொழுங்கு அப்படியே தலைகீழாகிறது. விராலிமலையில் வாழும் மயிலை 'மலையின் மயில்' என்று தமிழர் சொல்ல, அரபு 'தாவூஸுல் ஜபலி' என மயிலை முன்வைக்கும். அப்போது 'தாவூஸுன்' என்பதன் இறுதி னகர ஒலி கெடும். மலையைக் குறிக்கும் 'ஜபலு' என்பதன் ஈற்று உகரம் இகரமாகும். தொடக்க மாணவர் பெரும்பாலும் தடுமாறுவது, முன்நிற்கும் பெயருக்கு 'அல்' என்னும் சுட்டு வாராது என்ற விதியிலேதான்.

இவ்விதிகளை விளக்கிய முறை ஒரே நாளில் உருவானதன்று. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சீபவைஹி தம் 'அல் கிதாப்' நூலில், முன்னிடைச்சொல்லால் வரும் இகர ஈற்றையும் பெயரால் வரும் இகர ஈற்றையும் இளாஃபத் என்ற ஒரே பெயரால் சுட்டினார்; பின்வந்தோர் அப்பெயரைப் பெயர்த்தொடருக்கு மட்டும் உரியதாக்கினர். 1274இல் மறைந்த இப்னு மாலிக், தொடருள் 'லி' (உரிமை), 'மின்' (இன்ன பொருளாலானது), 'ஃபீ' (இடம்) என்னும் மூன்று பொருள்கள் மறைந்து நிற்கும் என்றார். 1323இல் மறைந்த இப்னு ஆஜுர்ரூம், தொடக்க மாணவர்க்கான தம் சிறுநூலில், முதலிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, 'மின்' பொருளுக்கு இரும்பு மோதிரத்தையும் தேக்குக் கதவையும் சான்றாக்கினார்.

மறைந்து நிற்கும் உருபை விரித்துப் பொருள் காணும் இம்முறை தமிழருக்குப் புதிதன்று. உடைமைப் பொருளைக் 'கிழமை' என்ற தொல்காப்பியர், பிரிக்கவியலாததைத் தற்கிழமை என்றும் பிரிக்கத்தக்கதைப் பிறிதின்கிழமை என்றும் உரையாசிரியர்கள் வகுத்துரைக்க இடந்தந்தார். உயர்திணைத் தொகையில் ஆறாம் வேற்றுமையின் 'அது' உருபு கெட்டுக் குகரம் வரும் என்றும் அவர் விதித்தார். 'நம்பிமகன்' என்பதை 'நம்பிக்கு மகன்' என விரிப்பது அவ்விதியின் பயனே. அரபியர் மறைந்த 'லி'யைக் கண்ட இடத்தில் தமிழ் மரபு மறைந்த 'கு'வைக் கண்டது. ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்றதாகக் கொள்ளச் சான்றில்லை எனினும், கற்பிப்பவருக்கு இவ்வொப்புமை பெருந்துணையாகும்.

முழுவாக்கியத்தில் இந்நெருக்கம் இன்னும் தெளிவாகிறது. ஆங்கிலத்தைப் போல உடைமைக்கென ஒரு வினைச்சொல்லை நாடாமல், 'எனக்கு ஒரு மகன் உண்டு' என்பதை அரபு 'லீ இப்னுன்' என்றும், 'என்னிடம் பணம் இருக்கிறது' என்பதை 'இந்தீ மாலுன்' என்றும் சொல்லும். 'எனக்கு', 'என்னிடம்' என்னும் வேறுபாட்டை அறிந்த தமிழ்ச் சிறுவனுக்கு 'லீ', 'இந்தீ' இரண்டும் எளிதில் பிடிபடும். மாற்றுப்பெயரோ 'கிதாபீ' (என் நூல்), 'கிதாபுக' (உன் நூல்) என உடைமைப் பெயரின் ஈற்றில் ஒட்டிவரும்.

பேச்சு வழக்கு வேறு திசையில் வளர்ந்தது. வளைகுடா அரபியில் 'மால்', 'ஹக்' என்னும் தனிச்சொற்கள் உடைமையை உணர்த்துகின்றன. செல்வம் எனப் பொருள்படும் 'மால்' உருபுபோல் ஆனதும், உடைமையைக் குறிக்கும் அடியிலிருந்து பிறந்த 'உடைய' தமிழில் சொல்லுருபானதும் ஒரே வகை வளர்ச்சிகளே.

தமிழ்நாட்டின் அரபு வகுப்புகளுக்கு எழுதப்படும் தொடக்கநூல்கள் ஆங்கில இலக்கணத்தைச் சுற்றிவராமல், ஆறாம் வேற்றுமையிலிருந்தும் நான்காம் வேற்றுமையிலிருந்தும் இப்பாடத்தைத் தொடங்க வேண்டும்.