மௌனம் சம்மதமா?

எதிர் வீட்டுக்காரர் சென்ற மாதம் தம் வீட்டை மகள் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்கப் போவதாகச் சொல்லி, பத்திர நகலைக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, ஆபீஸ்ல இருந்தவங்க நீங்க. ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்றார். நான்கெல்லை, அளவு, மூலப்பத்திர விவரம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு வரி மட்டும் இல்லை. தானத்தைத் தான் ஏற்றுக்கொண்டதாக மகள் சொல்லும் வரி.

எடுத்துச் சொன்னேன். சிரித்துவிட்டார். "எம் மவ வேண்டாம்னா சொல்லப் போறா? பேசாம இருந்தா சம்மதந்தான அண்ணாச்சி?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் சொந்தக் கதையும் சொல்லியாக வேண்டும்.

தானம் என்பது கொடுப்பவர் கையில் மட்டும் இல்லை. நம் பெரியவர்கள் நீர் வார்த்துக் கொடுத்தார்கள் என்றால், அந்த நீரை வாங்க எதிரே ஒரு கை நீண்டிருந்தது. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு உரை எழுதிய விக்ஞானேசுவரர், ஏற்றுக்கொள்ளுதல் மனத்தால், வாக்கால், உடலால் என மூன்று வகை என்று மிதாக்ஷரத்தில் பிரித்துச் சொல்கிறார். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 122ஆம் பிரிவும் அதே கருத்தைத் தன் பாஷையில் சொல்கிறது. கொடுப்பவர் உயிரோடும் கொடுக்கும் தகுதியோடும் இருக்கும்போதே வாங்குபவர் ஏற்க வேண்டும். ஏற்பதற்குள் வாங்குபவர் இறந்துவிட்டால் தானம் செல்லாது.

எப்படி ஏற்பது என்று மட்டும் நம் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டாலும் போதும், சொத்தை அனுபவித்தாலும் போதும். கேரளத்தில் ஒரு தாய் தம் மைனர் மகனுக்குத் தானம் எழுதிவிட்டுப் பிறகு அதை ரத்து செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2003இல் தீர்ப்பானது. மகன் மறுக்காமல் இருந்ததே ஏற்பு, ரத்து செல்லாது என்றார்கள். ஆக, எதிர் வீட்டுக்காரர் சொன்னதில் பெரிய தவறு இல்லை.

ஆனால் நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சில். அந்த ஊர்ச் சட்டம் வேறு. (ஓய்வுபெற்ற பிறகு மனைவியின் ஊரான ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து சேர்ந்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.) பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 932ஆம் விதிப்படி, வெளிப்படையான வார்த்தைகளில் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் தானம் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தும். தலையாட்டினால் போதாது, சிரித்தால் போதாது. நெப்போலியன் காலத்து இந்தச் சட்டம் 1819இல் புதுச்சேரிக்கு வந்தது. ஒரு தென்னந்தோப்பைச் சும்மா கொடுத்தால்கூட வாங்குகிறவன் வாயைத் திறந்தாக வேண்டும் என்று நினைத்த சட்டம் அது.

இங்கிலாந்துக்காரர்களும் ஒப்பந்த விஷயத்தில் இப்படித்தான். ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தம் அண்ணன் மகனுக்கு, "குதிரையைப் பற்றி உன்னிடமிருந்து மறுபேச்சு வராவிட்டால் அது என்னுடையதென்று எடுத்துக்கொள்வேன்" என்ற பொருளில் கடிதம் எழுதினார். பையன் பதில் போடவில்லை. பதில் போடாதவன் தலையில் ஒப்பந்தத்தைக் கட்ட முடியாது என்று கோர்ட்டு சொன்னது. அது 1862. சரியாக நூறு வருடம் கழித்து எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதம், 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஏற்க ஆறு வருடம் ஆயிற்று. அல்ஜீரியா விவகாரம் முடியும் வரை அவர்கள் இதை எடுக்கவில்லை. கடைசியில் 1962 ஆகஸ்ட் 16 முதல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது.

அதில் குடியுரிமை பற்றிய விதிகள் உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் இவற்றில் பிறந்து அங்கேயே குடியிருப்பவர்கள் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். அதே ஊரில் பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருப்பவர்கள் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார்கள். இந்தியராக விரும்பினால் அவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும்.

எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பிரான்சிலேயே தங்கிவிட்டவர். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். 1963 பிப்ரவரி வரை இருந்த அந்த ஆறு மாதத்தில் இரண்டு பேருமே ஒரு வரிகூட எழுதவில்லை. ஒருவர் மௌனம் அவரைப் பிரெஞ்சுக்காரராக வைத்தது. மற்றவர் மௌனம் அவரை இந்தியராக்கியது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவே முடிவு. எனக்கு அப்போது பதின்மூன்று. ஆனால் மனைவிக்கு அப்படியில்லை. கணவன் எழுதிக்கொடுத்தது மனைவியைச் சேராது, அவள் தனியாக எழுதித் தர வேண்டும். இது தெரியாமல் புருஷன் பிரெஞ்சுக்காரர், பெண்டாட்டி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் உண்டு. எழுதிக்கொடுத்தவர்கள் மொத்தம் ஏறத்தாழ 5000 பேர்தான். மற்றவர்களில் எத்தனை பேர் மனதார இந்தியாவை விரும்பினார்கள், எத்தனை பேர் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மௌனத்துக்கு ஏது காரணப் பத்தி?

நான் இந்தியனாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டு அரசாங்கம்தான் சம்பளமும் பென்ஷனும் கொடுத்தது. பெரியப்பா பிள்ளைகள் வசதியாக வந்து போகும்போது அம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஆற்றாமை. எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அப்பாவின் கடைசிக் காலத்தில் ஒருநாள் கேட்டேன். "நீங்க வேணாம்னு முடிவு பண்ணி விட்டீங்களா, இல்ல மறந்துட்டீங்களா?"

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "யாராவது வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் எதிர் வீட்டுக்குப் போய், "வரி இல்லாவிட்டாலும் பத்திரம் செல்லும். ஆனாலும் எழுதிவிடுங்கள், பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள்" என்றேன். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பத்திர எழுத்தர் கடைக்கு நானும் சாட்சியாகப் போயிருந்தேன். மகள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பேனாவை வைத்துவிட்டு, "அப்பா, கடைசி வரைக்கும் நீங்க இந்த வீட்லதான இருப்பீங்க? அது எங்க எழுதியிருக்கு?" என்றாள்.

அது எங்கும் எழுதியிருக்கவில்லை. பத்திர எழுத்தர் முனகிக்கொண்டே அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தார்.