ஆறு வற்றிய பிறகு வந்த வருத்தம்

கல்யாணப் பேச்சு வந்தால் எங்கட ஊர்களில் இரண்டு கதை வரும். ஒன்று, "அந்தக் குடும்பம் முழுக்கச் சீனி வருத்தம், அங்க சம்பந்தம் வேணாம்." மற்றது, "மச்சான் மச்சாளுக்குள்ளேயே முடிச்சு முடிச்சுத்தான் இந்த வருத்தம் பெருகினது." இரண்டும் நாம் கேட்டுப் பழகியவை. வெளியாரோடு அதிகம் கலக்காமல் வாழ்ந்த இரண்டு சமூகங்களின் கதையை வைத்து இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் கிரீன்லாந்து. அங்குள்ள இனுயிட் மக்கள் சிறிய கூட்டமாக நீண்ட காலம் தனித்து வாழ்ந்தவர்கள். 2014இல் வெளியான ஆய்வொன்று, அவர்களிடம் ஒரு மரபணுக் குறை பரவலாக இருப்பதைக் காட்டியது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தவருக்குச் சீனி வருத்தம் வரும் ஆபத்து ஏறக்குறைய 10 மடங்கு. ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் அந்தளவு பாதிப்பு இல்லை. ஆக, இரத்த உறவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நாம் காணும் சீனி வருத்தம் பெரும்பாலும் இப்படி ஒற்றை மரபணுவால் வருவதல்ல.

மற்றது அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா மக்கள். தங்களை அவர்கள் அகிமெல் ஓஓதாம், அதாவது ஆற்று மக்கள் என்பார்கள். கீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி சோளமும் அவரையும் பூசணியும் கோதுமையும் செய்தவர்கள். 1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியா போனவர்களுக்குச் சாப்பாடு கொடுத்ததே இவர்களுடைய வயல்தான். பிறகு 1870களிலிருந்து, மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறித்துத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. விவசாயம் செய்தவர்கள் அரசாங்கம் கொடுத்த மாவுக்கும் சீனிக்கும் பன்றிக் கொழுப்புக்கும் கையேந்தினார்கள். தண்ணீர் இல்லாத விவசாயிக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1908இல் ஹர்ட்லிச்கா என்ற ஆய்வாளர் பீமா மக்களிடையே பதிவு செய்த சீனி வருத்தக்காரர் ஒரேயொருவர். 1965இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அங்கே நீண்ட ஆய்வைத் தொடங்கியது. 35 வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அந்த வருத்தம் இருந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் இரத்தம் மாறிவிடுமா?

இதற்குச் சாட்சி மெக்சிகோ மலைப்பக்கம் இருக்கிறது. அங்கே மைக்கோபா என்ற ஊரில் இதே பீமா இனத்தவர் கையால் உழைத்து, தாங்கள் விளைவித்ததைச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டில் அவர்களிடம் சீனி வருத்தம் 6.9 சதவீதம், அரிசோனாப் பீமாக்களிடம் 38 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே இனம்தான். மெக்சிகோவில் பக்கத்தில் வாழ்ந்த வேறு மக்களைவிட இவர்களுக்குக் கொஞ்சம் கூட இருந்தது உண்மை. அந்தக் கொஞ்சம் வேண்டுமானால் இரத்தத்தின் கணக்கு, மீதி வாழ்க்கையின் கணக்கு.

அரிசோனா ஆய்வில் இன்னொரு விடயமும் தெரிந்தது. எங்கட பெண்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். உம்மாவுக்குச் சீனி வருத்தம் வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளைவிட, வந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கே அது கூடுதலாக வந்தது. தாய் தகப்பன் மாறவில்லை, வயிற்றில் இருந்த காலத்தில் தாயின் சீனி அளவுதான் மாறியது. கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் சீனி பார்க்க வேண்டும் என்று மிட்வைஃப் சொல்லும்போது, "எனக்கு ஒண்டுமில்ல" என்று தட்டிவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் நாம் போய்ப் பேசினால் என்ன?