குருதிப் பையும் மலைக்காய்ச்சலும்: பெரியாற்று மலைகளிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்தபோது, அங்கு உழைத்தோரைப் பெரிதும் வாட்டியவற்றுள் மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவும் ஒன்று. அணைக்குக் கீழே அதே ஆற்றின் கரையில் அமைந்த வண்டிப்பெரியாரின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக வந்த தமிழ்த் தொழிலாளரும் அக்காய்ச்சலுக்குத் தப்பவில்லை. மலேரியா சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்குகிறது. சோகையுற்ற பெண்ணுக்குப் பேறுகாலக் குருதியிழப்பு உயிருக்கே உலையாகிறது. ஆகவே மலேரியா நிலவும் நிலத்தில் குருதி தேவைப்படுவோரும், ஒட்டுண்ணியைச் சுமந்தபடி குருதி தரக்கூடியோரும் ஒரே மக்களே. குருதியேற்ற மருத்துவத்தின் பழைய சிக்கல் இதுதான்.

நோயாளியின் குருதியைச் செலுத்தினால் மலேரியா தொற்றும் என்பதை 1884இல் செருமானிய மருத்துவர் கெர்ஹார்ட் நிறுவினார். கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது அதற்குப் பின், 1897இல். குருதியேற்றத்தால் மலேரியா பரவிய நிகழ்வு 1911இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. பின்னாளில் வந்த குளிர்பதனப் பெட்டியும் இதற்குத் தீர்வாகவில்லை. 4 பாகை செல்சியஸில் சேமித்த குருதியிலும் ஒட்டுண்ணி பல நாட்கள் உயிரோடிருக்கும்.

இதற்கு மருத்துவம் மூன்று வழிகளைத் தேடியது: பார்த்தல், கொல்லுதல், கேட்டல்.

நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் வழி. இந்தியாவில் கொடைக்குருதி ஒவ்வொன்றுக்கும் மலேரியாச் சோதனை கட்டாயம். ஆனால் ஒரு மைக்ரோலிட்டரில் ஒரே ஒரு ஒட்டுண்ணி இருப்பின் அது கண்ணுக்குத் தப்புவதே பெரும்பாலும் நிகழும். அதே அளவில் 350 மில்லிலிட்டர் பையில் இருப்பவையோ மூன்றரை லட்சம்.

கொல்லுதல் இரண்டாம் வழி. சாகாஸ் நோயின் ஒட்டுண்ணியை அழிக்க, குருதியில் படிக ஊதாச் சாயத்தைக் கலக்கும் முறையைப் பிரேசிலில் நுசென்சுவைக் குழுவினர் 1953இல் வெளியிட்டனர். ஒட்டுண்ணி மடிந்தது, குருதி ஊதா நிறம் பெற்றது. இக்காலத்தில் ரைபோஃபிளேவின் எனும் வைட்டமினைச் சேர்த்துப் புற ஊதா ஒளியைச் செலுத்தி ஒட்டுண்ணியின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றனர். பிளாஸ்மாவிலும் தட்டணுக்களிலும் ஒளிவழித் தூய்மிப்பு எளிது. சிவப்பணுக்களிலோ ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கிவிடுகிறது. மலேரியா ஒட்டுண்ணி குடியிருப்பதும் அவற்றுள்தான். சோகையுற்ற தாய்க்குத் தேவையான கூறே தூய்மிக்க அரிதான கூறு. கானாவின் குமாசி நகரில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இம்முறையில் முழுக்குருதியைத் தூய்மித்தபோது, ஒட்டுண்ணியுள்ள குருதி பெற்றோரிடையே மலேரியாத் தொற்று 22 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தது. பயன் பெரிது, எனினும் தொற்று முற்றிலும் நீங்கவில்லை.

பெரியாற்று மலைகளைக் காத்தது இக்கருவி எதுவுமன்று. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் அதனை அடுத்து வந்த ஒழிப்புத் திட்டமும் வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளித்தன. 1960களின் நடுவில் கேரளத்தில் உள்ளூர்ப் பரவல் ஏறக்குறைய நின்றது. கொசுவைத் தடுத்ததே குருதியையும் தூய்மைப்படுத்தியது.

எஞ்சியது கேட்டல். காய்ச்சல் எப்போது வந்தது, அண்மையில் எங்கு இருந்தீர் என்ற வினாக்களுக்குக் கொடையாளர் தரும் விடையே நுண்ணோக்கிக்குத் தப்புவதைப் பிடிக்கும் வலை. விற்பனைக்குக் குருதி கொடுத்தவருக்கு உண்மையை மறைக்கக் காரணம் இருந்தது. சொன்னால் அன்றைய கூலி போய்விடும். 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்வழி 1998 முதல் தொழில்முறைக் குருதி விற்பனை தடைசெய்யப்பட்டது. அத்தடை நல்லொழுக்கம் சார்ந்தது மட்டுமன்று. ஒட்டுண்ணிக்கு எதிரான நடவடிக்கையுமாகும்.

இன்று இடுக்கித் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழர் வந்த அதே நிலையில் அவர்கள் வருகின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டியது காய்ச்சலின் காலமும் இடமுமே. பிறப்பிடத்தைக் குற்றமாக்கும் வினாவன்று. குற்றம்போல் கேட்கப்படும் வினாவுக்கு மெய்யான விடை கிடைப்பதில்லை. விடை பொய்யானால், அதன் விலையைக் கொடுப்பவர் அடுத்த படுக்கையில் குருதிக்காகக் காத்திருப்பவர்.