எண் ஏறினால் நோய் ஏறியதா?

அறந்தாங்கியில் இருக்கும் என் அத்தைக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கீரமங்கலத்தில் பூ எடுக்கும் சின்னம்மாவுக்குத் தைராய்டு. அத்தையின் நோய் ஊருக்கே தெரியும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரே "அத்தைக்கு இனிப்பு வேண்டாம்" என்று இலையைத் தாண்டிப் போவார். சின்னம்மாவின் நோய்க்கோ மூன்று வருடம் பெயரே கிடைக்கவில்லை. சோம்பேறி என்ற பட்டம்தான் கிடைத்தது. கத்திரி வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுப்பார். முகம் உப்பி, குரல் கம்மி, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. விடியுமுன் பூக்கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு கூடை நிரப்பவே முடியாமல் போயிற்று.

இரண்டும் நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறுதான். ஆனால் கோளாறு வரும் வழி வேறு. வயது வந்தவர்களுக்கு வழக்கமாக வரும் சர்க்கரை நோயில், தொடக்கத்தில் கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு உடல் சரியாகக் கீழ்ப்படியாது. ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் கணையமும் ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடும். தைராய்டு குறைவில் சுரப்பியே அழிகிறது. பெரும்பாலும் அதை அழிப்பது உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தி. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ இந்த நோயை விவரித்து எழுதியது 1912இல்.

நம் ஊரில் மிகுதியாகக் குழப்புவது பரிசோதனைச் சீட்டு. கணையம் ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே அளந்து இன்சுலினை விடுகிறது. அத்தையின் சீட்டிலும் சர்க்கரையையே அளக்கிறார்கள்; எனவே எண் ஏறினால் சர்க்கரை ஏறியிருக்கிறது. வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய். தைராய்டுக்கு மேலே ஒரு மேஸ்திரி உண்டு, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. தைராய்டு வேலையில் பின்தங்கினால் அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டி விரட்டும். அதாவது டி.எஸ்.எச். ஏற ஏற, பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் குறைகிறது என்று பொருள். அந்த அளவு ஏறக்குறைய 4க்குள் இருக்க வேண்டும். சின்னம்மாவுக்கு 38 வந்தது. "தைராய்டு கூடிப்போச்சாம் தம்பி, மாத்திரை போட்டா இன்னும் கூடாதா?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் இருபது நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. குறைந்ததை ஈடுகட்டத்தான் மாத்திரை என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

மாத்திரையிலும் இருவருக்கும் வேறு வேறு கணக்கு. அத்தைக்குச் சோறும் நடையும் மருந்தும் சேர்ந்தால்தான் கட்டுக்குள் வரும். கண், சிறுநீரகம், கால் மூன்றையும் காலமெல்லாம் கவனிக்க வேண்டும். சின்னம்மாவுக்கு விடிகாலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை ஒன்று. அதுவும் டீயோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. பூ எடுக்கப் போகிறவர்களுக்கு டீ குடிக்காமல் கொல்லையில் கால் வைக்க முடியாது. எழுந்ததும் மாத்திரையை விழுங்கி, டீயை முக்கால் மணி நேரம் தள்ளிவைத்தார். அவ்வளவுதான் மாற்றம். இரண்டு மாதத்தில் கூடை நிரம்பியது.

கடுமையிலும் பரவலிலும் சர்க்கரையே பெரியது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் வெளியானபோது தமிழ்நாட்டில் அதன் பரவல் 14.4 சதவீதம். தைராய்டு குறைவும் ஒன்றும் அரிதல்ல. இந்தியாவின் எட்டு நகரங்களில் நடந்த ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இருந்தும் சர்க்கரையை விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகிறது. டி.எஸ்.எச். பார்க்க நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டும்.

கர்ப்பிணிக்குத் தைராய்டு குறைவு தெரியாமலே இருந்துவிட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். உங்கள் வீட்டுப் பெண் ஓயாமல் களைப்பு என்றால், உடல் காரணமில்லாமல் கனக்கிறது என்றால், அவளைத் திட்டுவதற்கு முன் டி.எஸ்.எச். பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.