சனிக்கிழமை சாயங்கால வரிசை

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும், சிதம்பரத்திலும் பங்குக் கோயில்களில் சனிக்கிழமை சாயங்காலம் நின்ற பாவசங்கீர்த்தன வரிசை காலமாகிவிட்டது. நாள் குறித்துச் சொல்ல முடியாத சாவு. ஆள் குறைந்தது. ஊதா ஸ்டோலாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாமியார் வெறுமனே காத்திருந்து எழுந்துபோன வாரங்கள் கூடின. பிறகு அவரும் உட்காருவதை விட்டுவிட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டி மட்டும் சுவரோரம் நிற்கிறது. சல்லடைத் தகட்டின் துளைகள் ஓரம் தேய்ந்து மினுங்குகின்றன. முழந்தாள் பலகையில் இரண்டு குழிகள். உள்ளே மடக்கு நாற்காலிகளும் மைக் ஸ்டாண்டும் இருக்கின்றன.

வம்சம் பழையது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவத்தைச் சொல்லித் தீரவேண்டும் என்று விதித்தது 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்றான ‘கொம்பெசியனாயரு’ பாவசங்கீர்த்தனக் கையேடுதான். 1580-இல் கொச்சியில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்டது. அச்சு வந்த கையோடு, மனிதன் தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்க்க ஒரு புத்தகம் தந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு அது அந்நியச் சரக்கும் அல்ல. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் ‘மனுமுறை கண்ட வாசகம்’ எழுதினார். அதில் மகனை இழக்கப்போகும் சோழ மன்னன், இந்தப் பாவம் செய்தேனோ, அந்தப் பாவம் செய்தேனோ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டே போகிறான். கூலியைக் குறைத்ததும் பசித்தவனைப் பார்க்காமல் இருந்ததும் அந்தப் பட்டியலில் வரும். கூலியைப் பிடித்துக்கொள்வது வானத்தை நோக்கிக் கூப்பிடும் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

வரிசையில் நிற்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை. அதன்பிறகுதான் சொல்லுதல். கடைசியில் அபராதம். எங்கள் ஆயா வெள்ளிக்கிழமை இரவே மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பத்துக் கற்பனைகளை விரல்விட்டு எண்ணுவாள். ஒரு விரலில் நின்றுவிட்டால் அன்றைக்குப் பேச்சு இருக்காது. ஒருமுறை குழாயடிச் சண்டையில் எதிர்வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். பாவசங்கீர்த்தனம் முடிந்து வந்தவள் பண்ருட்டிப் பலாச்சுளை நாலைத் தட்டில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றாள். “பூசைக்கு முந்தி வந்து பேசிடச் சொன்னாரு சாமியாரு. இந்தாடி, சுளை.” எதிர்வீட்டுக்காரி தட்டை வாங்கினாள், முகத்தைப் பார்க்கவில்லை. மறுவாரம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

குற்ற உணர்வு என்றால் மனிதனைக் குறுக்கிப்போடும் நோய் என்றே இப்போது பேசுகிறார்கள். நான் கண்டது வேறு. சாவான பாவம் என்றால் காரியம் கனமாயிருக்க வேண்டும், முழு அறிவோடு செய்திருக்க வேண்டும், முழுச் சம்மதமும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமில்லை. மனசு உறுத்துவதெல்லாம் குற்றமாகிவிடாது. குற்றமாகவே இருந்தாலும் அதற்கு ஓர் அளவு உண்டு, பெயர் உண்டு, தீரும் நேரம் உண்டு. திருடியதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்கு மன்னிப்பும் கிடையாது. இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அதன் பேரில் நடந்த கொடுமையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் நரகத்தைக் காட்டிப் பிள்ளைகளை நடுங்க வைத்தார்கள். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்துபோன நல்லவர்கள் உண்டு. பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசாவில் அப்படித் தவித்து, உயிரை விடலாமா என்கிற எல்லைவரை போனவர்.

வரிசையை யாரும் தடைசெய்யவில்லை. முன்பெல்லாம் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகமாட்டார்கள். அடிக்கடி நன்மை வாங்கச் சொல்லி 1905-இல் போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர் கதவைத் திறந்தார். அது நல்ல காரியம்தான். ஆனால் நாளடைவில் இரண்டுக்கும் இடையிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது. 1973-இல் புதிய சடங்குமுறை வந்தது. இன்று தவக்காலத்தில் நாலைந்து சாமியார்கள் வருகிறார்கள், பொதுவாக ஜெபிக்கிறோம், ஆளுக்கு ஒரு நிமிடம், முடிந்தது.

அந்த வரிசை முழு உயிரோடு இருந்த காலத்திலும் ஒரு கேள்வி அதன் பட்டியலில் இல்லை. இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில், தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறையும் தனியாக இருந்தது. அவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். சாதி பார்த்தேன் என்று எத்தனை பேர் அந்தத் தகட்டருகே சொல்லியிருப்பார்கள்? கேட்டிருக்க வேண்டிய சாமியார்கள் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் பாவிகள் என்று பொதுச் சடங்கில் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிடலாம். அந்தத் தெருவில் கல்லெறிந்தவன் நான் என்று சொல்ல வேண்டுமானால், ஒருவன் தனியாகப் போய் முழந்தாளிட வேண்டும்.