அப்பத்தாவின் பைண்டு புத்தகமும் ஒரு மாணவனின் வாரமும்

போன வாரம் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பேரன் தன் கைப்பேசியைக் காட்டினான். இந்த வாரம் பார்க்க வேண்டிய தொடர்கள், கேட்க வேண்டிய பாட்டுகள், படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். "உங்க காலத்துல வாரம் பூரா என்னதான் தாத்தா செஞ்சீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரிந்த கதை. ஆனால் என் விஷயத்தில் ஒரு சிறு வித்தியாசம் உண்டு.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். அப்பா அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதினார். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்திலும் பிரெஞ்சு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. எனக்கு பிரெஞ்சு சரளமாக வரும். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும், தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன்.

1964இல் அப்பா காலமானார். அம்மா எங்களை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு, அப்பத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குப் பதினைந்து வயது. இங்கே என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தனித்தேர்வராக எழுத வேண்டும் என்றார்கள். அதற்குத் தமிழ் வேண்டும். தெருப் பையன்கள் என்னை "தொரை" என்று கூப்பிட்டார்கள். கடைப் பலகையைக்கூட நின்று நிதானமாகப் படிக்கிற துரை!

அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. கல்யாணத்துக்கு முன் கொஞ்சம் படித்தவர், கதை என்றால் உயிர். 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்களோடு தடித்தடியாக ஐந்து புத்தகங்கள். ஓரங்களில் பால் கணக்கும் வண்ணான் கணக்கும் பென்சிலில் எழுதியிருக்கும்.

நான் வந்த முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் முதல் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

"ஏய்யா, எனக்குக் கண்ணு தெரியல. நீதான் படிச்சுக் காட்டணும்."

"எனக்கு வேகமா வராது அப்பத்தா."

"எனக்கு மட்டும் என்ன ரயிலா புடிக்கணும்? மெதுவாப் படி."

அன்று ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம்கூட முடியவில்லை. தப்பாகப் படித்தால் அப்பத்தா திருத்துவார். ஏற்கெனவே பல முறை படித்திருந்ததால் அடுத்த வரி அவருக்கே தெரியும். காரைக்காலில் பிரெஞ்சு ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதி, பிழைக்கு ஒரு மதிப்பெண் இழந்தவன் நான். இங்கே பிழைக்கு ஒரு சிரிப்போடு போயிற்று.

கொடும்பாளூர் இளவரசி வானதி வரும் இடங்களில் மட்டும் அப்பத்தா நிமிர்ந்து உட்காருவார். "நம்ம சீமைப் பொண்ணு" என்பார். கொடும்பாளூர் பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். அங்கே மூவர் கோயிலில் மூன்றில் இரண்டு விமானங்கள் இன்றும் நிற்கின்றன.

இனி அந்த நாளைய என் வாரத்தைச் சொல்கிறேன்.

காலையில் முடி திருத்தும் கடையில் 'தினத்தந்தி'. முடி வெட்டாமலே பெஞ்சில் உட்கார்ந்து 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையைப் படித்துவிட்டு எழுந்து வருவோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். படமும் இரண்டு வரியும் இருந்ததால் நான் முதலில் தடங்கல் இல்லாமல் படித்தது அதைத்தான்.

வார இதழ்களைச் சைக்கிளில் ஒருவர் வீடு வீடாகக் கொண்டுவருவார். மாதச் சந்தா கட்டினால் ஒரு நாள் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தன், 'குமுத'த்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' என்று வாரம் முழுக்க வீட்டில் போட்டி. அம்மா, அத்தை, நான் என்று முறை வைத்துப் படித்து, கடைசியில் அப்பத்தாவுக்காக நான் உரக்கப் படிப்பேன். மறுநாள் காலையில் சைக்கிள் மணி கேட்கும்முன் முடித்தாக வேண்டும். என் வேகம் கூடியதற்கு அந்த மணிதான் காரணம்.

இதழ் கையில் இல்லாத இரவுகளில் நான் படித்த பிரெஞ்சுக் கதைகளைத் தமிழில் சொல்வேன். அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையில், ஓர் ஏழை இளைஞன் ஒரு கிழட்டுக் குதிரையில் ஏறி, கையில் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு தலைநகரை நோக்கி வருவான். வழியில் வம்பை விலைக்கு வாங்கிக் கடிதத்தையும் பறிகொடுப்பான். இவ்வளவுதான் சொன்னேன். அப்பத்தா கையைத் தட்டி, "அட, இது நம்ம வந்தியத்தேவன்ல!" என்றார். கல்கியிடம் டூமாவின் சாயல் உண்டு என்று விமரிசகர்கள் எழுதியதை நான் படித்தது பல வருடங்கள் கழித்து. பாரிஸ் பத்திரிகைகள் 1836 முதல் விற்பனையைப் பெருக்கத் தொடர்கதை போட ஆரம்பித்தன. டூமாவின் அந்தக் கதையும் 1844இல் 'லெ சியேக்ல்' நாளிதழில் தொடராக வந்ததுதான். "தொடரும்" என்று போட்டு வாசகரைக் காக்க வைக்கும் வித்தை அங்கிருந்து உலகம் சுற்றி, எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

பாட்டுக்கு எதிர்வீட்டு வால்வு ரேடியோ. திருகினால் சூடாகிப் பேசுவதற்கே அரை நிமிடம் ஆகும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் நமக்குப் பக்கம். ஆனால் மனசு இருந்தது இலங்கையில். மத்திய மந்திரி கேஸ்கர் காலத்தில், 1952 வாக்கில், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. கேட்கிறவர்கள் எல்லோரும் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அதைச் சரிக்கட்டத்தான் 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி வந்தது. ஆனாலும் காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுப் பழகிய காது அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. மயில்வாகனன் பேசினால் விளம்பரத்தைக்கூட நிறுத்தாமல் கேட்போம்.

புதன் இரவு எட்டு மணிக்கு அதே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா'. 1965 ஜனவரியில் ஊரெல்லாம் இந்தி எதிர்ப்புப் போராட்டம். எதிர்வீட்டு அண்ணன் பகலில் ஊர்வலத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டி வருவார். புதன் இரவானால் ரேடியோவை மெதுவாக வைத்து முதலிடம் எந்தப் பாட்டு என்று கேட்பார். கேட்டால், "திணிப்புதான்டா வேண்டாம், பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார்.

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு டில்லியிலிருந்து தேசிய சங்கீத நிகழ்ச்சி. கர்நாடக சங்கீதமானால் தெருப் பெரியவர்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் நம் மான்பூண்டியா பிள்ளை, அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை என்று பேச்சு பழம்பெருமைக்குப் போய்விடும். சினிமாப் பேச்சு வந்தால் பி.யு. சின்னப்பா. 'உத்தமபுத்திர'னில் (1940) இரட்டை வேடம் போட்ட அந்தப் புதுக்கோட்டைக்காரர், ஊரில் வீடு வீடாக வாங்கிக் குவிக்க, இனி வாங்கக்கூடாது என்று ராஜாவே தடுத்தார் என்று சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, அப்பத்தா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்.

தொலைக்காட்சி என்ற சொல் அப்போது எங்கள் வாரத்தில் கிடையாது. சென்னையிலேயே அது 1975 ஆகஸ்டு 15இல்தான் தொடங்கியது.

இரண்டு வருடத்தில் ஐந்து புத்தகங்களையும் படித்து முடித்தோம். முடித்ததும் அப்பத்தா, "சரி, மொதல்லேருந்து ஆரம்பி" என்றார். எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறினேன், தமிழிலும்தான். தேர்வாணையப் பரீட்சை எழுதி அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவானேன். முப்பத்தைந்து வருடம் தமிழில் குறிப்பு எழுதிப் பிழைத்தேன். 1971இல் அப்பத்தா காலமானார்.

இப்போது சொல்லக் கூசுகிற விஷயத்துக்கு வருகிறேன். 1978இல் வெளியூருக்கு மாற்றல். சாமான் கட்டும்போது அந்த ஐந்து பைண்டு புத்தகங்களும் கனமாக இருந்தன. கரையான் வேறு லேசாக அரித்திருந்தது. 'அச்சுப் புத்தகம் கடையில் கிடைக்கிறதே' என்று நினைத்து, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தராசில் ஏற்றியது நான்தான். கிடைத்த பணம் ஒரு வேளைக் காப்பிச் செலவுக்குப் போயிருக்கும்.

ஓய்வு பெற்றுத் திரும்பிய பிறகு, திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகத்துக்குப் போனேன். பழைய இதழ்களை அவர்கள் அடுக்கி வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்ததும் என் தவறு உறைத்தது. கதை மறுபடி அச்சாகும். ஆனால் கதைக்குப் பக்கத்தில் இருந்த விளம்பரம், அந்த வாரத்துத் துணுக்கு, மணியத்தின் படம், அப்பத்தாவின் பால் கணக்கு எதுவும் மறுபடி அச்சாகாது. 1950களில் எங்கள் வீட்டுக்கு எத்தனை படி பால் வாங்கினார்கள் என்று சொல்ல இருந்த ஒரே ஆவணத்தை நான் எடைக்குப் போட்டேன். அதுவும் கோப்புகளைப் பத்திரப்படுத்துவதையே தொழிலாகச் செய்த நான்!

ராயவரத்திலிருந்து அழ. வள்ளியப்பாவையும் சக்தி வை. கோவிந்தனையும் தந்த சீமை இது. ஒரு காலத்தில் சிறுவர் இதழ்கள் பல புதுக்கோட்டையில்தான் அச்சாயின. அவற்றில் எத்தனை நம் பரண்களில் கிடக்கின்றனவோ! உங்கள் வீட்டில் தைத்து வைத்த தொடர்கதை ஏதும் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஓரத்தில் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் ஒரு நூலகத்திடம் கொடுங்கள்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொன்னியின் செல்வன் படம் பார்த்துட்டேன் தாத்தா, புத்தகம் பெருசா இருக்கே" என்றான். அவன் படித்ததெல்லாம் ஆங்கில வழி. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். என்னிடமிருக்கும் அச்சுப் புத்தகத்தின் முதல் பாகத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். எனக்குக் கண் அறுவை முடிந்து நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.